இருபதுக்குப் பத்து

அமலநாதன் கால்சட்டை மட்டும்தான் தைப்பார். சட்டைத் துணியோ கோட்டுத் துணியோ கொண்டுவந்தால் அடுத்த சந்தில் இருந்த சாமிக்கண்ணுவிடம் அனுப்பிவிடுவார். "மேல்பாதி அவனோடது, கீழ்பாதி என்னோடது" என்பார். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் அவருடைய கடை. கோர்ட்டிலும் பள்ளிக்கூடங்களிலும் வெள்ளை டிரில் கால்சட்டை போட்டு உத்தியோகம் பார்த்தவர்களில் பாதிப் பேருடைய இடுப்பளவு அவருக்கு மனப்பாடம். யாருக்கு இந்த வருஷம் தொப்பை விழுந்தது, யாருக்குச் சர்க்கரை வியாதியால் இளைத்தது என்பது அவர்கள் வீட்டுக்காரிக்குத் தெரிவதற்கு முன்பே இவருக்குத் தெரியும்.

ஐம்பத்து நாலாம் வருஷம் நவம்பரில் ஆட்சி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. புதிதாக வந்த உத்தியோகஸ்தர்கள் அங்குலத்தில் பேசினார்கள். இடுப்பு முப்பத்து நாலு என்று ஒருவர் சொன்னபோது, அது ஏதோ கைக்குழந்தையின் இடுப்பு என்று, சென்டிமீட்டரில் அளந்தே பழகிய அமலநாதனுக்கு ஒரு கணம் தோன்றிவிட்டது. ஒரு பக்கம் சென்டிமீட்டரும் மறுபக்கம் அங்குலமும் போட்ட நாடா ஒன்றை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். புதுக் காலத்துக்குத் தாம் தயாராகிவிட்டதாக நினைத்தார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாடாவை மாற்றியதுமே அளவு மாறியதைப் புரிந்துகொண்டுவிட்டதாக நினைக்காதவர்கள் குறைவு.

அவருக்கு ஒரே மகள், லூர்துசெல்வி. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் கன்னியாஸ்திரிகள் நடத்திய மருந்தகத்துக்குப் போய், பிள்ளைகளின் சிரங்கைக் கழுவிக் கட்டுப் போடுவாள். சீழைக் கண்டு அவள் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பதை அவள் ஆசையாகச் சொல்ல மாட்டாள். நாளைக்குத் துணி துவைக்கணும் என்பது போலச் சொல்வாள். ஊரிலேயே மருத்துவக் கல்லூரி வந்துவிட்டிருந்ததால், அமலநாதனுக்கும் அது எட்டாத பேச்சாகத் தெரியவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம், பள்ளியின் கடைசிப் பரீட்சையான பக்கலோரேயா வந்தது. அதற்குச் சற்று முன்பு செல்விக்கு அம்மை வார்த்தது. சுவரில் தேவமாதா படம் மாட்டிய வீடுதான். ஆனாலும் அமலநாதனின் மனைவி ரோசா வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருக மறக்கவில்லை. கொப்புளம் உதிரத் தொடங்கிய உடம்போடு பெண் பரீட்சைக்குப் போனாள். பௌதிகத்திலும் உயிரியலிலும், கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாய்மொழித் தேர்வில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று பதில் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "நான் பெயிலாயிடுவேம்ப்பா. ஆனா பரவால்ல. செப்டம்பர்ல மறுபடி வெப்பாங்க. நடுவுல ஒழுங்கா படிச்சேன்னா பதினாலு வாங்கிடுவேன்."

அமலநாதன் காதில் முதல் வாக்கியம் மட்டும் நின்றது.

இங்கே அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பள்ளியில் மார்க்கு இருபதுக்கு. இருபதை யாருக்கும் போட மாட்டார்கள். பன்னிரண்டு வாங்கினால் நல்ல பிள்ளை. பதினாலு வாங்கினால் பூசைக்கு வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மார்க்கில் கை இறுகிய வாத்தியாருக்குத்தான் மதிப்பு. பத்து வந்துவிட்டால் தேர்ச்சி. தேர்ச்சி பெற்ற பிறகு அது பத்தா பதினைந்தா என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. அப்படி விசாரிப்பது, ஞானஸ்நானம் பெற்றவனிடம் உன் தலையில் எத்தனை சொம்பு தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்பது போல. அமலநாதனுக்குத் தெரிந்த உத்தியோகஸ்தர்கள் எல்லோரும் அப்படித்தான் வாசலுக்குள் போனார்கள். அவர் அறிந்த உலகத்தில் உள்ளே, வெளியே என்ற இரண்டே இடங்கள் இருந்தன. மகள் வெளியே நிற்கப் போகிறாள் என்பதுதான் அவருக்குக் கேட்டது.

முசியே பிரான்சுவா அந்த வாரம் கால்சட்டை அளவுக்கு வந்தார். பெயர்தான் பிரெஞ்சு, ஆள் முதலியார்பேட்டையில் பிறந்த தமிழர், பாட்டன் காலத்திலிருந்தே குடும்பமே பிரெஞ்சுக் குடிமக்கள். பள்ளியில் விஞ்ஞானம் நடத்துபவர். அந்த வருஷம் மார்க்கை முடிவு செய்யும் குழுவிலும் இருந்தார். அமலநாதன் கீழ்மடிப்புக்குக் குண்டூசி குத்த முட்டி போட்டிருந்தார்.

"முசியே, ஒண்ணு கேக்கலாங்களா?"

"இன்னா, துணி பத்தலையா?"

"துணி கெடக்குதுங்க. நம்ம பொண்ணு விஷயம்."

பிரான்சுவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல பொண்ணு. அம்மை கவுத்துடுச்சு. பத்துக்கு அரை மார்க்கு கொறையுது."

"அந்த அரைய..."

"கூட்டிப் போடறது உண்டு. குழு ஒத்துக்கணும். வழக்கத்துல இருக்கறதுதான்." குனிந்து அவரைப் பார்த்தார். "அவ கேக்கச் சொன்னாளா?"

"சின்னப் பொண்ணு முசியே. அவளுக்கு இன்னா தெரியும்? அடுத்த தபா எழுதறேன்னு வெளையாட்டாப் பேசறா."

முட்டி போட்டபடியே கேட்டதால், அது அளவெடுப்பவனின் கேள்வியாக இல்லாமல் பீடத்தின் முன் வைத்த மன்றாட்டாகிவிட்டது. பிரான்சுவா இளகிய மனதுக்காரர். "எழுந்திரும் ஓய்" என்றார்.

பத்து வந்தது. இருபதுக்குப் பத்து.

அமலநாதன் மார்க்கெட் வரிசை முழுவதும் கல்கண்டு கொடுத்தார். பட்டயம் கைக்கு வந்ததும் கண்ணாடிச் சட்டம் போட்டு, கடையில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். செல்வி அதைப் பார்த்துவிட்டு, "பத்துப்பா" என்றாள்.

"பத்துன்னா பாஸு. பாஸுக்கு மேல இன்னா இருக்குது?"

அம்மைத் தழும்பு இன்னும் மாறாத அவள் முகத்தில் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

மூலக்குளத்தில் நிலம் வைத்திருந்த கன்னியப்பன் கல்கண்டு கொடுத்த அன்று கடைக்கு வந்தார். அவர் மகள் அமிர்தவல்லி செல்வியோடு ஒரே பெஞ்சில் படித்தவள். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் படி ஏறிய முதல் பெண் அவள்தான்.

"எம்பொண்ணு கவுந்துடுச்சு ஓய்" என்றார், கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டே. "எட்டரையாம்."

"அடடா. மனசு விட்டுடாதீங்க."

"எதுக்கு வுடணும்? மொத நடவு அழுவிப்போனா மறுநடவு போடறதில்லியா? அதுக்கெல்லாம் எங்க பக்கம் எவனும் ஒப்பாரி வெக்க மாட்டான். செப்டம்பர்ல எழுதுவா."

அமலநாதன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். பாவம், படிப்பு வாசனை இல்லாத மனுஷன், பெயிலானதைக்கூடக் கூச்சமில்லாமல் சொல்கிறாரே என்று நினைத்தார். அந்த இரக்கத்தைப் பின்னால் பலமுறை நினைத்து அவர் வெட்கப்பட வேண்டியிருந்தது.

ஜூலையில் தகப்பனும் மகளும் மருத்துவப் படிப்புக்கு மனுப் போடப் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா, சட்டத்திலிருந்து கழற்றி எடுத்துவந்த பட்டயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காகித ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டார்.

"இருபதுக்குப் பத்து. அப்ப நூத்துக்கு அம்பது."

"ஆமாங்க, பாஸு" என்றார் அமலநாதன்.

"பாஸ் யார் இல்லேன்னாங்க? அறுபத்தஞ்சுக்கு மேல வாங்கினவங்களே இங்க எடம் பத்தாம நிக்கறாங்க."

"ஐயா, எங்க பள்ளிக்கூடத்துல இருபது யாருக்கும் போடறதில்லீங்க. பன்னண்டே பெருசு. வாத்தியாருங்க கை இறுக்கம்."

குமாஸ்தா கெட்டவர் அல்ல. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நிதானமாகவே சொன்னார்: "எனக்குத் தெரிஞ்சது பெருக்கலும் வகுத்தலும். உங்க வாத்தியாருங்க மனசு அந்தக் கணக்குல ஏறாதுங்களே."

வெளியே வந்ததும் அமலநாதன், "சரி, செப்டம்பர்ல எழுதிடு. பதினாலு வாங்குவேன்னு சொன்னல்ல?" என்றார். காரியத்துக்கு வழி கண்டுபிடித்துவிட்டவர் போலக் கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னார்.

செல்வி நின்று அவரைப் பார்த்தாள். "பாஸானவங்க எழுத முடியாதுப்பா. பெயிலானாத்தான் எழுதலாம்."

அவர் நம்பவில்லை. நேராகப் பள்ளி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். அங்கிருந்தவர் சிரித்துவிட்டார். "இன்னா அமலநாதன், பாஸ் வேணான்னு கேட்டு வந்த மொத தகப்பன் நீர்தான்."

செப்டம்பர் பரீட்சையில் அமிர்தவல்லி பதினாலு வாங்கினாள். அடுத்த வருஷம் ஜூலையில் அவளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. செல்வியும் மறுபடி மனுப் போட்டாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் எவ்வளவோ படித்திருந்தாள். ஆனால் பட்டயத்தில் இருந்த பத்து பத்தாகவே இருந்தது. கன்னியப்பன் இனிப்புப் பொட்டலத்தோடு கடைக்கு வந்து, சட்டத்தில் தொங்கிய பட்டயத்தைப் பார்த்துவிட்டு, பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விஷயம் செல்விக்குத் தெரிந்தது, அவர்கள் ஞாயிறு பூசைக்குப் போகும் சம்பா கோயில் வாசலில். பூசை முடிந்து வந்த பிரான்சுவா, அவள் வாடிப்போயிருப்பதைப் பார்த்து ஆறுதலாகப் பேச நினைத்தார். "உங்கப்பன் மாதிரி ஒரு தகப்பன் கெடைக்க நீ குடுத்து வெச்சிருக்கணும்மா. அன்னிக்கு முட்டி போட்டுல்ல கேட்டாரு அந்த அரை மார்க்கு" என்றார். புகழ்ச்சியாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அவள் சத்தம் போடவில்லை. முக்காட்டை மடித்து வைத்துவிட்டு, அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"பெயிலாயிடுவேன்னு உங்கிட்ட சொன்னேன். பரவால்லன்னும் சொன்னேன். ரெண்டும் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்புறம்?"

அமலநாதன் ரோசாவைப் பார்த்தார். ரோசா அடுப்பைப் பார்த்தாள்.

"பெயிலுன்னு ஊரு பேசுமேன்னு..."

"ஊரா டாக்டருக்குப் படிக்கப் போவுது?"

பல நாள் அவள் அவரோடு பேசவில்லை. வேண்டியதை அம்மாவிடம் சொல்வாள்; அடுத்த அறையிலிருந்து அவர் கேட்டுக்கொள்வார். தாம் செய்தது மகளுக்காகவா, மகள் பேரைச் சொல்லித் தமக்காகவா என்ற கேள்வி அவரை மிஷினில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் பிடித்துக்கொண்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றார். பிரியவில்லை. தப்பாகத் தைத்த தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்க அவருக்குத் தெரியும். துணியில் ஊசித் துளை நின்றுவிடும், அவ்வளவுதான். இங்கே பிரிப்பதற்கே ஓரம் அகப்படவில்லை. அன்பு என்று ஒரு வார்த்தை சொல்லி இதை முடித்துவிட முடியும், பலர் முடித்துவிடுகிறார்கள். அன்பு அவரிடம் இல்லாமல் இல்லை. அது கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்.

ஒரு நாள் செல்வியே கடைக்கு வந்தாள். "அதக் கழட்டு" என்று சட்டத்தைக் காட்டினாள்.

அவள் யோசித்து வைத்திருந்தது இதுதான். பக்கலோரேயாவுக்கு முந்தின பரீட்சையில் அவளுக்குப் பதினைந்து மார்க்கு இருந்தது. அதை மட்டும் காட்டி, கடலூரில் ஒரு கல்லூரியில் பி.யூ.சி. சேர்ந்து, அதில் வாங்கும் புது மார்க்கோடு மருத்துவத்துக்கு மனுப் போடலாம். படிப்பு இங்கிலீஷில், முதலில் இங்கிலீஷ் படிக்க வேண்டும். சொன்னால் அந்தப் பத்துதான் கணக்கில் ஏறும் என்பதால், பக்கலோரேயா தேறியதை யாரிடமும் சொல்லப் போவதில்லை. மற்றவர்கள் படிக்காததைப் படித்ததாகச் சொல்வார்கள். இவள் படித்து முடித்ததை மறைக்கப் போகிறாள். இது பொய்யா என்று ரோசா கேட்டாள். கேட்டால்தானே பொய், யாரும் கேட்க மாட்டார்கள் என்றாள் செல்வி. அந்தப் பதில் அவளுக்கே முழுத் திருப்தியாக இருந்ததாகத் தெரியவில்லை.

அமலநாதன் ஸ்டூலில் ஏறிச் சட்டத்தை இறக்கும்போது சாமிக்கண்ணு வந்து சேர்ந்தார்.

"இன்னா ஓய், பாஸானத வாபஸ் வாங்கிட்டாங்களா?"

"இல்ல. நாங்களே திருப்பிக் குடுத்துட்டோம்" என்றார் அமலநாதன். சாமிக்கண்ணு விழுந்து விழுந்து சிரித்தார்.

செல்வி கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே இங்கிலீஷ் படித்தாள். இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு கடலூர். காலை பஸ்ஸில் போய் மாலையில் திரும்புவாள். வகுப்பில் மற்ற பெண்கள் அவளை அக்கா என்றார்கள். தவளையை அறுக்கும் நாளில் எல்லோரும் அக்காவின் மேசைக்கு வந்து நின்றுகொள்வார்கள். இதை அவள் ரோசாவிடம் சொன்னது அமலநாதன் காதில் விழுந்தது. பேச்சு மெல்ல மெல்ல அவர் பக்கமும் திரும்பத் தொடங்கியிருந்தது. குழம்பில் உப்பு போதுமா, மழை வருமா என்கிற அளவில்.

அறுபத்திரண்டாம் வருஷம் அவள் பரீட்சை எழுதி முடித்திருந்த சமயம், பிரான்சுவா குடும்பத்தோடு பிரான்சுக்குப் போக முடிவு செய்தார். குளிருக்கு வேண்டுமென்று கனத்த கம்பளித் துணி கொண்டுவந்தார். அமலநாதன் மறுபடி முட்டி போட்டு, உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, கீழ்மடிப்பைப் பிடித்தார்.

"அங்கே ஒரு பட்டயம் தொங்குமே, காணோமே" என்றார் பிரான்சுவா.

அமலநாதன் ஊசிகளை எடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். செப்டம்பர், அம்பது, கடலூர், எல்லாம். குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கேட்டவர் முகம் சுருங்கிவிட்டது. அந்த அரை மார்க்கு இத்தனை தூரம் நடந்து போயிருக்கும் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை.

"நான் போறதுக்குள்ள ஒண்ணு செய்யறேன்" என்றார் கடைசியில். "சேர்க்கைய முடிவு பண்றவங்கள்ல ஒருத்தர் எனக்கு வேண்டியவர். மார்க்கு கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும், ஒரு வார்த்த சொன்னா பார்த்துக்குவாரு. சொல்லட்டா?"

அமலநாதன் வாயில் 'சொல்லுங்க' வந்துவிட்டது. அவர் அதை வெளியே விடவில்லை. அவர் வாழ்க்கையில் பாராட்டத் தகுந்த காரியம் எது என்று கேட்டால் இந்த ஒன்றைச் சொல்லலாம். அதையும் தாமதமாகத்தான் செய்தார்.

"அவளக் கேட்டுட்டுச் சொல்றேன் முசியே."

வீட்டில் செல்வி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் பிரான்சுவா சொன்னதை அப்படியே சொன்னார். அவள் கையில் இருந்த புடவையை மடித்தாள். பிரித்து, மறுபடி மடித்தாள்.

"நீ இன்னா சொன்ன?"

"உன்னக் கேட்டுட்டுச் சொல்றேன்னேன்."

"உனக்கு இன்னா தோணுது?"

"எனக்குத் தோணுனத வெச்சு ஒருவாட்டி செஞ்சாச்சே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை அவர் கேட்டு வெகு நாளாகியிருந்தது. பிறகு அவள் மதில் மேல் சாய்ந்து நெடு நேரம் நின்றாள். அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. இருபத்திரண்டு வயது. அமிர்தவல்லி ஆஸ்பத்திரி வார்டுகளுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள்.

"வேணாம்ப்பா" என்றாள். "இந்தத் தபா எவ்ளோ வந்தாலும், அது நான் வாங்கினது எவ்ளோன்னு எனக்குத் தெரியணும்."

அவர் கம்பளிக் கால்சட்டையைக் கொடுக்கப் போனபோது அதையே சொன்னார். பிரான்சுவா தலையை மட்டும் ஆட்டினார்.

நூற்றுக்கு அறுபத்து மூன்று வந்தது. இங்கிலீஷ்தான் இழுத்துவிட்டது, விஞ்ஞானப் பாடங்களில் எழுபதுக்கு மேல் இருந்தது. முதல் வகுப்பு என்று கடலூரில் கூடப் படித்த பெண்கள் கட்டிக்கொண்டார்கள். மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போட்டாள். பட்டியல் அவளுக்குச் சற்று மேலேயே நின்றுவிட்டது. இன்னும் நாலைந்து பேர் தள்ளி இவள் பெயர் இருந்ததாகக் குமாஸ்தா சொன்னார். நாலு வருஷத்துக்கு முன் பென்சிலைக் காதில் செருகிய அதே மனிதர். செல்வியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆகஸ்டில், ஊர் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது என்று கொடி ஏற்றினார்கள். செல்வி அதே மாதம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கும் வேலைக்குப் பயிற்சியில் சேர்ந்தாள். மாடியில் டாக்டருக்குப் படிப்பவர்கள், கீழே அவள். அமிர்தவல்லி சில நாள் இறங்கி வந்து அவளோடு சாப்பிடுவாள். இதை வெற்றி என்று சொல்ல முடியாது. தோல்வி என்று அவள் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தேங்காய்த்திட்டிலிருந்து வந்த வஞ்சிரத்தை ரோசா வறுத்துக்கொண்டிருந்தாள். செல்வி தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். அமலநாதன் பல வாரங்களாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

"முசியே பிரான்சுக்குப் போறப்ப கேட்டதுக்கு நான் சரின்னு சொல்லியிருந்தா... எடம் கெடைச்சிருக்குமாம்மா?"

தெரியாதுப்பா என்பாள் என்று எதிர்பார்த்தார். யாருக்குத் தெரியும், கடவுள் விட்ட வழி என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தார். அப்படிச் சொல்வது கஷ்டமும் அல்ல.

செல்வி தட்டை வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"கெடைச்சிருக்கும்" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. அவருக்காக அரை மார்க்குகூட அவள் கூட்டிப் போடவில்லை. அமலநாதன் தலையை ஆட்டினார். வேறு என்ன செய்வது என்று தெரியாமல், கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

"அத அப்புறம் சுத்திக்கலாம். மீனு ஆறிடும், வா" என்றாள் அவள்.